லிஃப்ட் மெஷின் ரூம் தளம் அஞ்சு இன்ச் போதுமா? வண்ணார்பேட்டை வாசகருக்குப் பதில்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில இருந்து ஒரு அண்ணாச்சி நீளமா எழுதியிருக்காங்க. பேரு வேண்டாம்னு கேட்டதால விட்டுட்டேன். பேங்க்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. வீடு தரைத்தளம் போக ரெண்டு மாடி, வீட்டம்மாவுக்கு ரெண்டு முட்டுலயும் ஆபரேஷன் ஆகி மாடி ஏற முடியல, அதனால வீட்டுக்குப் பின்பக்கம் ஒட்டி 6 பேரு போற மாதிரி, அதாவது 408 கிலோ லிஃப்ட் ஒண்ணு வைக்கிறதுக்கு நாலு மூலையில தூண் எழுப்பி, நடுவுல ஒம்பது இன்ச் செங்கல் கட்டு கட்டி, ஒவ்வொரு மாடி மட்டத்துலயும் சுத்தி ஆர்சிசி பீம் போட்டு மேல வரைக்கும் கொண்டு போயாச்சு. உச்சியில மெஷின் ரூம் தளத்த கான்ட்ராக்டர் போன மாசம் வீட்டு மொட்டை மாடி மாதிரியே அஞ்சு இன்ச்சுல, 8 எம்எம் கம்பிய ஆறு இன்ச்சுக்கு ஒண்ணா கட்டி காங்கிரீட் போட்டுட்டாரு.

இப்ப லிஃப்ட் கம்பெனி இன்ஜினியர் வந்து பாத்துட்டு இதுல மெஷின் ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவங்க குடுத்த டிராயிங்ல, மெஷின் ரெண்டு பக்கமா கீழ எறக்குற லோடு ஆர்1 2700 கிலோ, ஆர்2 1700 கிலோன்னு போட்டுருக்கு. கான்ட்ராக்டர் அதப் பாத்துட்டு "408 கிலோ லிஃப்ட்டுக்கு 4400 கிலோவா, லிஃப்ட்காரங்க சும்மா கூட்டிச் சொல்லுதாங்க அண்ணாச்சி, ரூம் முழுக்கப் பரத்துனா சதுர மீட்டருக்கு எழுநூத்தம்பது கிலோகூட வராது, வேணும்னா நாலடி நீளத்துல ரெண்டு இரும்பு ஐ-பீம ஸ்லாப் மேல போட்டு அதுமேல மெஷின வச்சிரலாம்"ங்காரு. அமெரிக்காவுல இருக்க மகன் அங்க உள்ள கட்டட விதிப் புத்தகத்துல, அதாவது கோடுல பாத்துட்டு மெஷின் ரூம் தளத்துக்கு 300 பவுண்டுதான் போட்டுருக்குன்னு அனுப்பியிருக்காங்க. ஸ்லாப்ப உடைக்கணுமா, யாரு சொல்லுதது சரி, மெஷின் ரூம் மேல 1000 லிட்டர் தண்ணி டேங்க் வைக்கலாமா, கான்ட்ராக்டருக்குப் பாக்கிப் பணத்த நிறுத்தி வைக்கலாமா, இதுதான் உங்க கேள்வி.

அண்ணாச்சி, மொதல்ல மனசத் தேத்திக்கோங்க, ஸ்லாப்ப உடைக்க வேண்டாம். ஆனா லிஃப்ட் கம்பெனி இன்ஜினியர் சொன்னது சரி, அவரு ஏத்த மாட்டேன்னு சொன்னது உங்களுக்கு நல்லது. அந்த நாலடி ஐ-பீம் யோசனைய மட்டும் எந்தக் காரணத்தக் கொண்டும் ஒத்துக்காதீங்க.

408 கிலோ எப்படி 4400 ஆச்சு

408ங்கிறது ஆளுக்கு 68 கிலோ வச்சு ஆறு பேரோட எடை, அவ்வளவுதான். அந்த ஆறு பேரும் நிக்கிற பெட்டி இருக்குல்லா, கதவு, ஃபிரேம் எல்லாம் சேத்து அதுவே ஒரு 600 கிலோ வரும். பெட்டிக்கு எதிர்ப்பக்கம் கவுண்டர் வெயிட் தொங்கும், அது பெட்டி எடையும் ஆள் எடையில பாதியும் சேந்த மாதிரி வைப்பாங்க, அப்ப 600ம் 204ம் 804. ரோப்பு, கேபிளு எல்லாம் ஒரு 60ன்னு வைங்க. இப்பவே 1872 கிலோ மேல இருந்து தொங்குது. நெறைய பேரு விடுற எடம் இதுதான், கவுண்டர் வெயிட் பெட்டிய சமன் பண்ணிருதுல்லா அப்ப லோடு கொறையத்தான செய்யும்னு நெனைக்காங்க. மோட்டாருக்கு இழுக்க வேண்டிய வேலை கொறையும், அது உண்மை. ஆனா தளத்துக்கு ரெண்டு எடையும் சேந்துதான் வரும், ரெண்டு பக்கமும் ஒரே புல்லியிலதான தொங்குது.

அடுத்தது, இது அசையாம தொங்குற எடை இல்ல. லிஃப்ட் கிளம்பும்போதும் நிக்கும்போதும் ரோப்புல இழுவை கூடும், கரண்டு போயி பிரேக் பட்டுன்னு புடிச்சா இன்னும் கூடும், நம்ம ஊர்ல அது அபூர்வமா நடக்குற சமாச்சாரம் இல்ல. அதனாலதான் நேஷனல் பில்டிங் கோடு பகுதி 8ல லிஃப்ட் பிரிவு, பீம் மேல உக்காந்துருக்க சாமான்களோட எடைய அப்படியே எடு, தொங்குற எடைய மட்டும் ரெண்டு மடங்கா எடுன்னு சொல்லுது. கட்டட லோடுக்கு உள்ள நம்ம இந்தியத் தரக் கோடு ஐ.எஸ். 875 ரெண்டாம் பகுதியும் லிஃப்ட்ட தாங்குற ஃபிரேமுக்கு 100 சதவீதம் இம்பாக்ட், அதாவது அதிர்ச்சி லோடு கூட்டச் சொல்லுது, பேச்சு வேற, விஷயம் ஒண்ணுதான். 1872ஐ ரெண்டால பெருக்குனா 3744, மெஷினும் அதோட பெட்ஃபிரேமும் ஒரு 650, ஆக மொத்தம் 4394. உங்க டிராயிங்ல உள்ள 2700ம் 1700ம் கூட்டுனா 4400. கம்பெனிக்காரங்க ஒண்ணும் கூட்டிச் சொல்லல, நான் இங்க தோராயமா போட்ட கணக்கும் அதே எடத்துலதான் வந்து நிக்குது.

ஆனா ஒண்ணு கட்டாயம் கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. இந்த ஆர்1, ஆர்2 இம்பாக்ட் சேத்ததா சேக்காததான்னு. சில கம்பெனி சேத்து குடுப்பாங்க, சிலரு சேக்காம குடுத்துட்டு கீழ பொடி எழுத்துல நீங்க சேத்துக்கோங்கன்னு போட்ருப்பாங்க. அதக் கவனிக்காம டிசைன் பண்ணா பாதி லோடுக்குத்தான் கட்டியிருப்போம், இல்லன்னா சேத்தது மேலயே இன்னொரு தரம் ரெட்டிச்சு தேவையில்லாம இரும்பக் கொட்டியிருப்போம். ரெண்டுமே நான் பாத்துருக்கேன். உங்க டிராயிங்ல கணக்குப்படி சேத்த மாதிரிதான் தெரியுது, இருந்தாலும் நான் சொன்னேன்னு விட்டுராதீங்க, அவங்க கையெழுத்துல வரட்டும்.

பரத்திப் பாக்குற கணக்கு ஏன் தப்பு

கான்ட்ராக்டர் சொல்லுத கூட்டல் வகுத்தல்ல தப்பு இல்ல. எட்டடிக்கு எட்டடி ரூம்ல 4400 கிலோவப் பரத்துனா 740 கிலோ சொச்சம்தான். ஆனா மெஷின் பரந்து நிக்காது, நாலு எடத்துல குத்தி நிக்கும். வீட்டு ஸ்லாப்புக்கு நாம போடுற லைவ் லோடு, அதாவது ஆளும் சாமானும் சேந்த லோடு, சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது 2 கிலோநியூட்டன். ஸ்லாப்போட சொந்த எடை, தளம் பூச்சு எல்லாம் சேத்தா 6க்கு மேல கொஞ்சம் வரும், உங்க கிணறு, அதாவது லிஃப்ட் ஏறி எறங்குற கூண்டு, அதோட அகலத்துக்கு மீட்டர் பட்டைக்கு மூணு கிலோநியூட்டன் மீட்டருக்குள்ளதான் வளைவு விசை வரும். அதே ஸ்லாப்போட நடுப்பக்கமா 2700 கிலோ குத்துச்சுன்னா அது மட்டுமே 12க்கு மேல போயிரும். 8 எம்எம் கம்பிய ஆறு இன்ச்சுக்கு ஒண்ணா போட்ட அஞ்சு இன்ச் ஸ்லாப் பாதுகாப்பாத் தாங்குறது சுமார் 9. இது தோராயக் கணக்குதான், ஸ்லாப் நாலு பக்கமும் உக்காந்துருக்கதால கொஞ்சம் கூடத் தாங்கும், அதுக்காக 12ம் 3ம் சேந்து 15 வர்ற எடத்துல 9 போதும்னு யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. இதுல ரோப்பு எறங்குறதுக்கு ஓட்டை வேற போடணும், அந்த ஓட்டை வர்ற எடம் சரியா மெஷினுக்கு அடியில, அங்க கம்பிய வெட்டுனா 9ம் கெடையாது.

ஒடிஞ்சு விழுறது மட்டும் பயம் இல்ல அண்ணாச்சி. வீட்டு ஸ்லாப் வளையறதுக்கு நம்ம ஐ.எஸ். 456 குடுக்குற எல்லை, நீளத்துல 250ல ஒரு பங்கு. ரெண்டு மீட்டருக்கு 8 மில்லிமீட்டர். வீட்டுல அது கண்ணுக்கே தெரியாது. லிஃப்ட் மெஷினத் தாங்குற பீமுக்கு அனுமதி 1500ல ஒரு பங்கு, அதே ரெண்டு மீட்டருக்கு 1.3 மில்லிமீட்டர், ஒரு ரூபா காசோட கனம்கூட முழுசா இல்ல. தளம் அதுக்கு மேல வளைஞ்சா புல்லி சாயும், ரோப்பு ஒரு பக்கமா தேயும், பெட்டி மாடி மட்டத்துக்கு சரியா நிக்காது, அரை இன்ச் மேல நிக்கும் இல்ல கீழ நிக்கும். முட்டு ஆபரேஷன் பண்ணவங்க கால் வச்சு எறங்குற எடத்துல அந்த அரை இன்ச் எவ்வளவு பெரிய விஷயம்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

நாலடி ஐ-பீம் ஏன் வேண்டாம்னு இப்ப புரிஞ்சுருக்கும். அது ரெண்டு முனையும் சுவர் வரைக்கும் போகாது, ஸ்லாப்புக்கு உள்ளயே முடிஞ்சுரும், அப்ப அது லோட சுவருக்குக் கொண்டு போகல, திருப்பி ஸ்லாப்பு தலையிலதான் எறக்கி வைக்குது.

மகன் அனுப்புன 300 பவுண்டு

தம்பி பாத்தது தப்பான பக்கம் இல்ல, அது அமெரிக்காவோட கட்டட லோடு கோடு ஏ.எஸ்.சி.இ. 7ல நெசமாவே இருக்கு. ஆனா அது மெஷின் ரூம்ல நடக்குறதுக்குப் போடுற இரும்பு கிரேட்டிங்குக்கு உள்ளது. ரெண்டு இன்ச்சுக்கு ரெண்டு இன்ச் எடத்துல 300 பவுண்டு, அதாவது 136 கிலோ, ஒரு ஆளு கனமான சாமானக் கையில வச்சுக்கிட்டு குதிங்கால ஊனுனா அந்த எடம் குழியக்கூடாதுன்னு பாக்குற சோதனை. மெஷினோட லோடு அது இல்ல. அமெரிக்காவோட லிஃப்ட் கோடு ஏ17.1ம் ரோப்புகளோட இழுவைய ரெண்டு மடங்கா எடுக்கத்தான் சொல்லுது, வளைவுக்கு நம்மளவிட இறுக்கமா 1666ல ஒரு பங்குதான் குடுக்குது. தம்பிகிட்ட இதச் சொல்லுங்க, அக்கறையா தேடிப் பாத்துருக்காரு, இந்த ரெண்டாவதையும் பாத்தா அவருக்கே தெளிஞ்சுரும்.

இப்ப என்ன செய்யலாம்

ஸ்லாப் அப்படியே இருக்கட்டும். அது மேல ஆளு நடக்கட்டும், கண்ட்ரோல் பேனல் நிக்கட்டும், சர்வீஸ் அன்னைக்கு சாமானக் கழட்டி வைக்கட்டும். மெஷின மட்டும் அதுல இருந்து பிரிச்சிருங்க. கிணத்துக்குக் குறுக்க ரெண்டு ஐ-பீம், ஒரு பக்கத்து ஆர்சிசி பீம்ல இருந்து மறுபக்கத்து ஆர்சிசி பீம் வரைக்கும் முழு நீளமா, ஸ்லாப்புல படாம ரெண்டு மூணு இன்ச் தூக்கி நிறுத்தணும். மெஷின் அதுமேல. இந்த வேலைக்கு ஆறு இன்ச் பீம் பத்தாது, அதாவது ஐஎஸ்எம்பி 150. நான் போட்டுப் பாத்தேன், லோடு முழுக்க நடுவுல வருதுன்னு மோசமான நிலைமைய வச்சு ரெண்டு மீட்டருக்கு அது ரெண்டரை மில்லிமீட்டர் வளையுது, பாதுகாப்பு மடங்கும் ஸ்டீலுக்கு 5 வேணும்னு கோடு கேக்குற எடத்துல 4கூட வரல. எட்டு இன்ச், ஐஎஸ்எம்பி 200 போட்டா 0.8 மில்லிமீட்டர்தான், மடங்கும் 8க்கு மேல. எடை வித்தியாசம் மீட்டருக்குப் பத்து கிலோ சொச்சம், ரெண்டு பீமுக்கும் சேத்து இரும்புல பெரிய செலவு இல்ல, இதுல கஞ்சத்தனம் பாக்காதீங்க. ஆனா இது நேர்ல பாக்காம நான் போட்ட கணக்கு, உங்க ஊர்லயே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரக் கூட்டிட்டு வந்து மேல ஏத்திக் காட்டி அவரு கையெழுத்துப் போட்ட டிராயிங்குக்கு வேலை பாருங்க.

பீம் முனை எங்க உக்காருதுன்னு நீங்களே நின்னு பாக்கணும். ஐஎஸ்எம்பி 200 பீமோட அடி அகலம் 100 மில்லிமீட்டர்தான். கொத்தனார் செங்கல்ல நாலு இன்ச் குடைஞ்சு பீம் முனைய உள்ள சொருகி சிமெண்ட வச்சு மூடிருவாரு, பாக்க கச்சிதமாத்தான் இருக்கும். ஒரு முனைக்கு 1350 கிலோ, அத 100க்கு 100ல எறக்குனா சதுர மில்லிமீட்டருக்கு 1.3 நியூட்டன், சாதாரண சூளைச் செங்கல் கட்டுக்கு அது அதிகம், நாள் போகப் போக செங்கல் பொடிஞ்சு பீம் எறங்கும். அதே முனைக்கு அடியில 200க்கு 200 இரும்பு பிளேட், அதுக்கு அடியில ஆர்சிசி பீமோ காங்கிரீட் பெட் பிளாக்கோ இருந்தா கால் பங்காக் கொறைஞ்சுரும். ரப்பர் பேடு லிஃப்ட் கம்பெனியே தருவாங்க, ராத்திரி மேல் மாடியில படுக்குறவங்களுக்கு மெஷின் சத்தம் கேக்காம இருக்கணும்னா அது முக்கியம்.

ரோப்பு ஓட்டைய சுத்தியல் வச்சு ஒடைக்க விடாதீங்க. கோர் கட்டிங் ஆளக் கூப்பிட்டு, கம்பி எங்க ஓடுதுன்னு பாத்து, தேவையான அளவுக்கு மட்டும் போடச் சொல்லுங்க. ஓட்டையச் சுத்தி ரெண்டு இன்ச் உயரத்துக்கு வரம்பு கட்டணும், இல்லன்னா தரையில வச்ச ஸ்பேனர் உருண்டு நேரா பெட்டி தலையில விழும்.

கீழயும் ஒரு பார்வை பாருங்க

எல்லாரும் மெஷின் லோடையே பேசுதோம். உங்க கிணத்துச் சுவர் மூணு பக்கம், ஆறடி அகலம், நாப்பதடி உயரம், ஒம்பது இன்ச் செங்கல். அந்தக் கட்டு மட்டுமே சுமார் 30 டன் எடை அண்ணாச்சி. மெஷின் லோடு 4.4 டன், அஸ்திவாரத்துக்குன்னு வரும்போது இம்பாக்ட்கூட 40 சதவீதம் எடுத்தாப் போதும்னு ஐ.எஸ். 875 சொல்லுது. அப்ப உங்க அஸ்திவாரத்துக்குப் பெரிய கேள்வி லிஃப்ட் இல்ல, செங்கல்தான். தூணுக்கு அடியில என்ன ஃபூட்டிங் போட்டாங்க, பழைய வீட்டு அஸ்திவாரத்த ஒட்டித் தோண்டுனாங்களா, இத ஒங்க இன்ஜினியர் கண்டிப்பா கேக்கணும். கடிதத்துல நீங்க அதப் பத்தி ஒண்ணுமே எழுதல, அதான் எனக்குக் கவலை.

கிணத்துக்கு அடியில உள்ள குழி, அதாவது பிட்டு, அதோட தளத்துக்கும் தனி லோடு உண்டு, பெட்டி எல்லை தாண்டி எறங்கி அங்க உள்ள பஃபர்ல, அதாவது இடி தாங்கியில உக்காந்தா நெறஞ்ச பெட்டி எடையோட நாலு மடங்க எடுக்கணும்னு ஐரோப்பிய கோடு சொல்லுது, உங்களுக்கு அது 4 டன். வெறும் பிசிசி, அதாவது கம்பி இல்லாத காங்கிரீட் போட்டு முடிச்சிருந்தா அது பத்தாது. அதவிட, 2023 டிசம்பர் வெள்ளத்துல உங்க வீட்டுப் படி வரைக்கும் தண்ணி வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் எல்லாம் அன்னைக்கு என்ன பாடு பட்டுச்சுன்னு நமக்குத் தெரியும். பிட் தரைக்குக் கீழ இருக்கது, மொதல்ல நிறையறது அதுதான். உள்ள வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி, ஒரு மூலையில சின்னக் குழி விட்டு பம்ப் போட வழி வைங்க. மழை அறிவிப்பு வந்தா பெட்டிய மேல் மாடியில நிறுத்தி மெயின ஆஃப் பண்ணிரணும்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. மெஷின் ரூம் இல்லாத லிஃப்ட்டு, ஹைட்ராலிக் லிஃப்ட்டுன்னு மாத்திரலாமான்னு ஒரு வரி கேட்டுருந்தீங்க. லோடு எங்கயும் போகாது, எடம்தான் மாறும். ஹைட்ராலிக்னா மொத்தமும் பிட்டுக்கு வரும், அதோட மோட்டாரும் எண்ணெய் டேங்கும் பெரும்பாலும் தரைத்தளத்துல வைப்பாங்க. ஆத்துக்கு இவ்வளவு கிட்ட உள்ள உங்க வீட்டுக்கு மெஷின் மேல இருக்கதே நல்லதுன்னு நான் நெனைக்கேன்.

தண்ணி டேங்க்

வைக்காதீங்க. 1000 லிட்டர்னா ஒரு டன்னு, அத ஒரு பீம் போட்டுத் தாங்க வச்சிரலாம், அது பிரச்சனை இல்ல. ஒரு நாள் கசியும், கசிஞ்சா நேரா கண்ட்ரோல் பேனல் மேல. டேங்க வேற மூலைக்கு மாத்துங்க. மெஷின் ரூம்ல வீட்டு பழைய சாமான், பெயிண்ட் டப்பா போட்டு வைக்கிறதும் கூடாது. எதிரெதிர்ல காத்து வர்ற மாதிரி ஜன்னல் விடுங்க, கண்ட்ரோல் பேனல் 40 டிகிரிக்குள்ள இருக்க ரூமுக்குன்னு செஞ்சது, அக்னி நட்சத்திர வெயில்ல நம்ம ஊரு மொட்டை மாடி ரூம் மூடிக் கெடந்தா அத எளிதா தாண்டிரும்.

பணமும் பேப்பரும்

கான்ட்ராக்டர் மேல ரொம்பக் கோவமா இருக்கீங்க, ஞாயம்தான். ஆனா ஒண்ணு யோசிங்க, லிஃப்ட் டிராயிங் அவரு கைக்கு எப்ப வந்துச்சு? ஸ்லாப் போட்டதுக்கு அப்புறம்தான் கம்பெனி குடுத்துச்சுன்னா தப்பு அவரோடது மட்டும் இல்ல. முன்னாடியே குடுத்தும் அவரு பாக்கலன்னா, இப்ப வர்ற கூடுதல் செலவ, அதாவது பீம், பிளேட், கோர் கட்டிங், அவரு ஏத்துக்கணும்னு கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு. மொத்தப் பாக்கியையும் நிறுத்தாதீங்க, இந்தத் திருத்த வேலைக்கு உள்ள அளவ மட்டும் புடிச்சு வச்சு, ஏன் புடிச்சிருக்கேன்னு ஒரு கடிதமா எழுதிக் குடுங்க. பேசி முடியலன்னா நுகர்வோர் ஆணையம் இருக்கு, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், ஆனா ஒரே ஊர்ல இருக்கீங்க, மொதல்ல உக்காந்து பேசுங்க.

லிஃப்ட்டுக்கு 1997ம் வருஷத் தமிழ்நாடு லிஃப்ட், எஸ்கலேட்டர் சட்டப்படி வைக்குறதுக்கு முன்ன அனுமதியும் ஓட்டுறதுக்கு உரிமமும் மின் ஆய்வுத்துறையில வாங்கணும். கம்பெனிக்காரங்க நாங்க பாத்துக்கிடுதோம்னு சொன்னாலும் விண்ணப்ப நகல ஒங்க கையில வாங்கி வைங்க.

இன்னும் மெஷின் ரூம் கூரை போடலன்னு எழுதியிருக்கீங்க, அது பெரிய வசதி. மெஷினத் தூக்க ஒரு கொக்கி வேணும், அது கூரை ஸ்லாப்புல தொங்கக்கூடாது, மெஷினுக்கு நேர் மேல ஒரு பீம் போட்டு அதோட மெயின் கம்பிக்கு மேலால வளைச்சு மாட்டியிருக்கணும். என்ன எடை தாங்கணும்னு கம்பெனி டிராயிங்லயே இருக்கும், அந்த எடைய பின்னால கொக்கிக்குப் பக்கத்துல பெயிண்ட்ல எழுதிரணும். கம்பி கட்டி முடிச்சதும் காங்கிரீட் கலவை போட்டு மூடுறதுக்கு முன்னாடி கொக்கி, பீம், கம்பி மூணும் தெரியுற மாதிரி டேப் வச்சு போட்டோ எடுத்து ஒங்க இன்ஜினியருக்கு அனுப்புங்க, அவரு சரின்னு சொன்னதுக்கு அப்புறம் மிக்சர் ஓடட்டும்.